ஜமீன் பல்லாவரத்தில் அரை கிரவுண்டு

அப்பா 1979-ல் ஜமீன் பல்லாவரத்தில் மலைக்குக் கீழே அரை கிரவுண்டு மனை வாங்கினார். 20 அடிக்கு 60 அடி. 1984-ல் கடன் வாங்கி ஒரு தளம் போட்ட வீடு கட்டினார். மேலே இன்னொரு மாடி வரும் என்ற நம்பிக்கையில் தூண் கம்பிகளை மொட்டைமாடியில் நீட்டி விட்டிருந்தார். அந்தக் கம்பிகள் 35 வருஷம் துருப்பிடித்துக்கொண்டே நின்றன.

மனை வாங்கும்போது தொல்லியல் என்ற வார்த்தையை அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. பத்திரத்தில் இல்லை, வில்லங்கச் சான்றில் இல்லை, பட்டாவிலும் இல்லை. மலைச்சரிவில் ஒரு நீலப் பலகை மட்டும் இருந்தது. வெயிலில் எழுத்தெல்லாம் உரிந்துபோயிருக்கும். சின்ன வயதில் அதைத்தான் கிரிக்கெட்டுக்கு ஸ்டம்பாக வைத்துக்கொள்வோம்.

2018-ல் ஒரு புரமோட்டர் வந்தார். வரிசையாக இருக்கும் எங்கள் நாலு வீட்டையும் சேர்த்தால் இரண்டு கிரவுண்டு. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவது, ஆளுக்கு ஒரு இரண்டு படுக்கையறை ஃபிளாட், கையில் கொஞ்சம் பணம். இதுதான் ஜாயின்ட் வென்ச்சர் பேச்சு. அண்ணன் உடனே சரி என்றான், அவன் மகளுக்குக் கல்லூரிச் செலவு இருந்தது. நாலில் இரண்டு வீட்டார் அட்வான்ஸும் வாங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும், "பிளான் அப்ரூவல் வரட்டும், அப்புறம் கையெழுத்துப் போடலாம்" என்று நான் நிறுத்தி வைத்தேன். பெரிய யோசனை எதுவும் இல்லை. வங்கியில் வேலை பார்த்த பழக்கம், காகிதம் வராமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

பிளான் திரும்பி வந்தது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடத்துக்கு அருகில் இருப்பதால் தடையில்லாச் சான்று வேண்டும் என்று ஒரே வரி. விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் உயரத்துக்கு ஒரு சான்று வாங்க வேண்டும் என்று தெரியும். இது புதிதாக இருந்தது.

அதுவரை எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தச் சரிவில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அங்கே இருப்பது பெருங்கற்கால ஈமக்காடு. இரும்பைப் பயன்படுத்தத் தொடங்கிய காலத்து மக்கள் தங்கள் இறந்தவர்களைப் புதைத்த இடம். 1888-ல் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி பல்லாவரத்துக் குன்றுப் பக்கம் சுடுமண்ணாலான ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். குட்டையான கால்கள் வரிசையாக வைத்த நீளமான மண் தொட்டி அது. அதற்கும் முன்னால், 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடாரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற பேச்சே அங்கிருந்துதான் தொடங்கியது. அவர் அதை எங்கே எடுத்தார் தெரியுமா? சரளைக்காகத் தோண்டிய ஒரு குழியில். இதைப் படித்த அன்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டுமானத்துக்குத் தோண்டிய பள்ளத்திலிருந்துதான் எங்கள் ஊரின் வரலாறு வெளியே வந்திருக்கிறது.

ஆனால் இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டவை. அந்த நாட்களில் எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான்.

புரமோட்டர் சில வாரம் போனை எடுக்கவில்லை. அப்புறம் ஒரு மனுவோடு வந்தார். "இந்த இடத்தைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து மொத்தமாக நீக்க வேண்டும்" என்பது மனுவின் சாரம். சுற்றியுள்ள தெருக்காரர்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கல்யாண மண்டபத்தில் கூட்டினார். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். முதலில் எழுந்தது எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. கணவர் இறந்து பத்து வருஷம் ஆகிறது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. "மழை வந்தா வீட்டுக்குள்ள மூணு இடத்துல குடம் வெக்கிறேன். ஷீட்டை மாத்தலாம்னா மேஸ்திரி பயப்படுறாரு, கேஸு போட்டுருவாங்கன்றாரு. செத்தவங்க குழிக்கு இவ்ளோ மரியாதை குடுக்கிறீங்க. உசுரோட இருக்கிற எனக்கு ஒரு கூரை மாத்த வழி இல்லையா?" மண்டபம் முழுக்கக் கைதட்டல். நானும் தட்டினேன்.

அடுத்து ஒரு இளைஞர்: "அங்க போய்ப் பாத்திருக்கீங்களா? குப்பையும் பாட்டிலும்தான் கெடக்குது. அவங்களே பாத்துக்காத எடத்துக்கு நாங்க ஏன் வீட்டை விட்டுக் குடுக்கணும்?" அதற்கும் பதில் சொல்ல ஆளில்லை, ஏனென்றால் அது உண்மை.

கடைசி வரிசையிலிருந்து, பக்கத்துப் பள்ளியில் ஓய்வுபெற்ற தமிழய்யா எழுந்தார். அவரைப் பேச விடவில்லை, இரண்டு பேர் "உக்காருங்க சார்" என்று சத்தம் போட்டார்கள். அவர் உட்காரவில்லை. "அந்தக் குழியில இருக்கிறவங்களும் இந்த ஊர்க்காரங்கதாம்மா. நமக்கு முன்னாடி குடிவந்தவங்க. அவங்களை எடுத்துட்டா அந்த எடம் காலியா இருக்கும்னு நெனைக்கிறீங்களா? ஒரு வருஷத்துல அங்கயும் ஒரு பில்டிங் நிக்கும். அதுல உங்க யாருக்கும் ஒரு ரூம்கூட கெடைக்காது." இவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு கைதட்டலும் இல்லை, சத்தமும் இல்லை.

மனுவில் அன்றைக்கே நிறையப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். என் முறை வந்தபோது, ஒருமுறை சட்டத்தைப் படித்துவிட்டு வருகிறேன் என்றேன். அண்ணன் என்னை முறைத்த முறைப்பு இப்போதும் நினைவில் இருக்கிறது.

சட்டத்தைப் படித்ததில் தெரிந்ததை விவரமாகவே சொல்கிறேன். இதுபோன்ற ஈமக்காடுகள் காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பல இடங்களில் பாதுகாப்பில் இருக்கின்றன. புறநகரில் மனை வாங்கும் யாருக்கும் இது நாளைக்கு வரக்கூடியதுதான்.

1958-ன் பழங்காலச் சின்னங்கள் சட்டத்தை 2010-ல் திருத்தினார்கள். அதன்படி பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. எங்கள் தெருவில் எல்லோரும் "300 மீட்டருக்கு ஒரு செங்கல் வைக்க முடியாது" என்றே பேசிக்கொண்டிருந்தோம். அது தவறு. தடை முதல் நூறு மீட்டருக்குத்தான். அடுத்த இருநூறில் அனுமதி வாங்கிக் கட்டலாம். அனுமதிக்கான விண்ணப்பம் தகுதியுள்ள அதிகாரியிடம் போகும், அவர் அதைத் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்புவார், ஆணையம் பரிந்துரை சொல்லும். ஒவ்வொரு கட்டத்துக்கும் சட்டத்திலேயே காலக்கெடு எழுதியிருக்கிறது.

இரண்டாவது, இந்த நூறு மீட்டரை எங்கிருந்து அளப்பது? புதைகுழியிலிருந்தோ நீலப் பலகையிலிருந்தோ அல்ல. பாதுகாக்கப்பட்ட பரப்பின் எல்லையிலிருந்து. அந்த எல்லை அரசிதழ் அறிவிக்கையில் சர்வே எண்ணாக இருக்கும். எனவே முதலில் அந்த அறிவிக்கையைக் கையில் வாங்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து வாங்கினேன். பிறகு தாலுகா அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கும் எங்கள் மனைக்கும் புல வரைபடம் வாங்கி, உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்தோம். நீங்கள் இதே நிலையில் இருந்தால் இந்தச் செலவை முதலில் செய்யுங்கள். புரமோட்டர் சொல்லும் தூரத்தையும் நம்ப வேண்டாம், தரகர் சொல்வதையும் நம்ப வேண்டாம். இரண்டு பேருக்குமே அதில் ஆதாயம் இருக்கிறது.

மூன்றாவதுதான் அக்காவுக்கானது. தடை செய்யப்பட்ட பகுதிக்குள் இருந்தாலும், 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பித்து அனுமதி வாங்கலாம். கூரையை மாற்றலாம், சுவரைச் சரிசெய்யலாம். மேலே மாடி எழுப்பவோ பக்கவாட்டில் இழுத்துக் கட்டவோ முடியாது, அது சட்டத்தின் கணக்கில் புதுக் கட்டுமானம். இதை முன்பே யாராவது ஒருவர் அக்காவிடம் சொல்லியிருந்தால் அந்தக் குடங்கள் தேவைப்பட்டிருக்காது. விதியைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. விதியைக் காட்டிப் பயமுறுத்தியவர்கள் மட்டும் வீடு தேடி வந்தார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதுதான்.

அளந்த நாளைச் சொல்ல வேண்டும். நாலு வீடும் மலையை நோக்கி வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 20 அடி, அதாவது ஆறு மீட்டர் அகலம். சர்வேயர் நூல் பிடித்து வந்தார். நூறாவது மீட்டர், அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே உள்ள மூன்றடிச் சந்தில் விழுந்தது. மலைப் பக்கம் இருக்கும் இரண்டு வீடு தடைக்குள். எங்களுடையதும் அடுத்ததும் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில். அண்ணன் சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டான். சந்தின் அந்தப் பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் நாங்கள். கருவேப்பிலைக் கொத்து அந்தச் சந்தின் வழியாகத்தான் வரும் போகும். இப்போது அதே சந்தின் நடுவே ஒரு கோடு விழுந்துவிட்டது.

நாலு வீட்டைச் சேர்த்துக் கட்டும் திட்டம் அத்தோடு முடிந்தது. புரமோட்டர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். வாங்கியவர்களில் ஒருவர் அதை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டு, மூன்று வருஷம் வட்டியோடு அடைத்தார். சான்று எதுவும் வராமல் அட்வான்ஸ் வாங்காதீர்கள் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது அவர் பட்ட பாட்டைப் பார்த்துத்தான்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் தமிழய்யா என்னையும் அண்ணன் மகளையும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார். ஃபூட் சேகரித்த கற்கருவிகள் 1904-ல் அந்த அருங்காட்சியகத்துக்கு வந்தவை. சுடுமண் ஈமப்பேழையும் பார்த்தோம். நான் ஏதோ பெரிதாகக் கற்பனை செய்திருந்தேன். நேரில் அது ஒரு ஆள் கையைக் காலை மடக்கிப் படுக்கிற அளவுதான். "ஏன் அத்தை இத்தனை கால் வெச்சிருக்காங்க?" என்று அவள் கேட்டாள். தமிழய்யாதான் பதில் சொன்னார்: "தரையில படக் கூடாதுன்னு நெனைச்சிருப்பாங்களோ என்னமோ." நிச்சயமாகத் தெரியாததை நிச்சயமாகச் சொல்லாத மனிதர். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அப்பாவின் கடைசி நாள் நினைவு வந்தது. தரையில் கிடத்தும் முன் அம்மா ஓடிப்போய் ஒரு பாய் கொண்டுவந்து விரித்தார்.

அதன்பிறகு அந்த இடத்தை எடுத்துவிடச் சொல்லும் மனுவில் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் போய் நின்று, இருக்கும் விதி அப்படியே சரி என்றும் என்னால் சொல்ல முடியாது. நாடு முழுவதும், தாஜ்மகாலுக்கும் எங்கள் சரிவுக்கும், குறைந்தது அதே நூறு மீட்டர். ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாக விதிமுறை எழுத அதே சட்டத்தில் வழி இருக்கிறது. அதை எழுதுங்கள், எங்களையும் உட்கார வைத்து எழுதுங்கள் என்று கேட்பதுதான் எனக்கு நியாயமாகப் பட்டது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் ஓட்டை விழுந்த கூரைக்காரரை முதலில் பேச விடுவார்கள். அவர் கண்ணீர் உண்மையானது. ஆனால் மனுவில் கேட்பது கூரையை மாற்ற அனுமதி அல்ல, அடுக்குமாடிக்கு அனுமதி. அக்காவின் குடங்களை முன்னால் வைத்து, பின்னால் ஐந்து மாடி எழுப்பப் பார்த்தார்கள். உங்கள் ஊரில் மனு சுற்றுக்கு வந்தால், அதில் எழுதியிருப்பது நிஜமாகவே கஷ்டப்படுகிறவருக்கு என்ன தரும் என்று ஒருமுறை பாருங்கள்.

தமிழய்யா, நான், கூட்டத்தில் குப்பையைப் பற்றிப் பேசிய அந்த இளைஞர், மூவரும் உட்கார்ந்து வேறு ஒரு மனு எழுதினோம். எல்லைக் கல் நட்டு வேலி போடுங்கள். தமிழில் பலகை வையுங்கள். எந்தெந்த சர்வே எண் எந்தப் பகுதியில் வருகிறது என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒட்டுங்கள். பழுதுபார்ப்பு விண்ணப்பத்துக்கு உதவ மாதம் ஒரு நாள் முகாம் நடத்துங்கள். வீடு வீடாகப் போனோம். சில வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. 61 கையெழுத்து கிடைத்தது. இதுவரை வேலியும் பலகையும் பற்றி ஒரு பதில் வந்திருக்கிறது, மற்றவற்றுக்கு வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நடுவில் அக்காவின் பழுதுபார்ப்பு விண்ணப்பத்தை நான் எடுத்துக்கொண்டேன். கஷ்டமான பகுதி, வீடு 1992-க்கு முந்தியது என்று காட்டுவது. கட்டட அனுமதி என்று எதுவும் அவர்களிடம் இல்லை. டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடியதில் 1987-ன் வீட்டு வரி ரசீதும் பழைய மின் இணைப்பு அட்டையும் கிடைத்தன. அவர் கல்யாணத்தன்று வாசலில் எடுத்த ஒரு கருப்பு வெள்ளைப் படத்தில் பின்னால் இதே சுவர் தெரிந்தது, அதையும் சேர்த்தோம். பழைய வரி ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு அலுவலகத்தில் இரண்டு முறை திருப்பிக் கொடுத்தார்கள். ஒருமுறை "சீரமைப்பு" என்று பொதுவாக எழுதியதற்காக. எந்த அறை, எத்தனை ஷீட், இப்போதைய உயரம் எவ்வளவு, மாற்றிய பின் எவ்வளவு என்று எழுதி, நாலு பக்கமும் படம் எடுத்து வைத்த பிறகுதான் நகர்ந்தது. மொத்தம் பதினொரு மாதம்.

எங்கள் வீட்டுக்கு அனுமதி அதற்குப் பிறகு வந்தது. ஒரு மாடி மட்டும், உயர வரம்போடு. அப்பாவின் கம்பிகள் பயன்படாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். புதிய தூண்களுக்குப் பள்ளம் எடுத்தார்கள். மூன்றாம் நாள், நாலரை அடி ஆழத்தில் மேஸ்திரி எதையோ எடுத்து ஓரமாக வீசியதைப் பார்த்தேன். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடு, உள்ளங்கை அளவு. "இது இந்த ஏரியாவுல எங்க தோண்டினாலும் வரும் மேடம். சத்தம் போடாம போட்டு மூடிருவோம். சொன்னா வேலை நின்னுரும்" என்றார். அண்ணனும் அங்கேதான் நின்றான்.

பூமிக்கடியில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லிருந்து சட்டம் இருக்கிறது. ஒரு ஓட்டுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் வேலையை நிறுத்தச் சொன்னேன். ஓடு கிடைத்த இடத்தைப் படம் எடுத்து, ஆழத்தை அளந்து எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்தேன். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆள் வந்து பார்த்தார்கள், இன்னும் கொஞ்சம் துண்டுகள் எடுத்தார்கள், குறித்துக்கொண்டு போனார்கள். ஒன்பது நாளில் வேலை திரும்பத் தொடங்கிவிட்டது. ஒன்பது நாள் கூலியும் வாடகையும் நஷ்டம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலை ஒரேயடியாக நின்றுவிடும் என்று பயந்தது நடக்கவில்லை. வீடு கட்டுகிறவர்கள் இந்த ஒன்பது நாளை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொண்டால் மேஸ்திரி சொல்கிறபடி மூடிவிடத் தோன்றாது.

அண்ணன் இப்போதும் என் பக்கம் வந்துவிடவில்லை. "உனக்கு மாடி கெடைச்சிருச்சு, நீ பேசலாம்" என்பான். அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. நூல் ஆறு மீட்டர் தள்ளி விழுந்திருந்தால் நான் இதே மாதிரி எழுதியிருப்பேனா என்று பல நாள் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா வீட்டுக் கூரை போன ஐப்பசிக்கு முன்னால் மாறியது. முதல் பெருமழை அன்று இரவு சந்துப் பக்க ஜன்னலைத் திறந்து கூப்பிட்டார். உள்ளே போய்ப் பார்த்தேன், தரை உலர்ந்திருந்தது. குடங்களைக் கவிழ்த்து மூலையில் அடுக்கியிருந்தார். காபி போட்டுக்கொண்டே, "அந்த மண் பொட்டி எங்க இருக்குதுன்னு சொன்னே? எழும்பூரா?" என்று கேட்டார். "வெள்ளிக்கிழமை சந்தைக்கு வர்ற அன்னிக்கு அப்படியே ரயில் ஏறிப் போய்ட்டு வந்துரலாமா?"

வெள்ளிக்கிழமை மியூசியம் லீவுக்கா, சனிக்கிழமை போகலாம் என்றேன்.